காசுக் கூடையில் கலந்த ஒரு ரூபாய்

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பங்குக் கோவிலில் பெயர்ச் சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பரிசு கொடுப்பது என்று ரகசியமாக முடிவு செய்வார்கள். கொடுத்தது யார் என்று வாங்கியவருக்குத் தெரியாது. அந்த விளையாட்டைத்தான் பிலோமினா காசுகளுக்குக் கொண்டுவந்தாள்.

பாளையங்கோட்டையில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருப்பவள் வீட்டுக்கு வந்தால் லென்ஸை எடுத்துக்கொண்டு பழைய காசுகளின் மேல் குனிவாள். அவள் கணவன் ஹென்றிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. "ஊர்ல எல்லாரும் காசைச் சேர்த்துப் பணக்காரன் ஆவுதான். நீ காசைச் சேர்த்து ஏழை ஆவுத, பிலோ" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவான்.

முகநூலில் 'பொருநைக் காசுகள்' என்ற பக்கத்தை அவள் தொடங்கியபோது பார்ப்பதற்கு ஹென்றியும் அவன் தங்கையும்தான் இருந்தார்கள். தினமும் காலையில் ஒரு காசின் படம் போட்டு, இது எந்த ஊரில் அடித்தது, இதில் இருக்கும் பூ என்ன பூ என்று பேசுவதுபோல எழுதுவாள். சின்னச் சின்ன வீடியோக்களும் போடுவாள். பைய ஆட்கள் சேர்ந்தார்கள். வாட்ஸாப் குழுவும் வந்தது. மேலப்பாளையத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் அலி அஸ்கர், சேரன்மகாதேவி மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுந்தர் என்று, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத மனிதர்கள் சதுர ஐந்து பைசாவைப் பற்றி உறவுக்காரர்கள்போல வாதாடினார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 'காசுக் கூடை'. விருப்பப்பட்டவர்கள் தங்களிடம் கூடுதலாக இருக்கும் ஒரு காசை உறையில் போட்டு பிலோமினாவுக்கு அனுப்புவார்கள். அவள் எல்லாவற்றையும் ஒரு பனையோலைக் கூடையில் கொட்டி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்து, முகவரி எழுதிய உறைகளில் போட்டு அனுப்பிவிடுவாள். எது யாருக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது. அதற்கு ஒரே ஒரு விதி. கூடையில் போட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது. அந்த விதியை எழுதியபோது அதில் ஒரு குறையும் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் மதியம் சுந்தர் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து நின்றார். அவரை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. இரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்து, கூட்டம் குறைந்ததும் எழுந்து வந்தார்.

"அக்கா, பெரிய தப்பு நடந்துபோச்சு. கூடையில போட்ட காசு எனக்குத் திரும்ப வேணும்."

"விதி தெரியும்லா, சார்?"

"தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கேன். அது என் காசு இல்லக்கா. எங்க மாமா நெத்தியில வச்ச காசு."

பிலோமினா கையுறையைக் கழற்றினாள். சுந்தர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அவர் மாமனார் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். போன ஆவணியில் இறந்துபோனார். கிடத்தியதும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் குழைத்து ஒரு ரூபாய்க் காசு ஒன்றை ஒட்டினார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அவர் ஆணியில் மாட்டி வைத்திருந்த தோல்பையில் கிடந்த காசு அது. வழக்கமாக அப்படி ஒட்டும் காசு சுடுகாட்டில் வேலை செய்கிறவருக்குப் போய்விடும். அன்று அவருடைய மகள் சித்ரலேகா, அதாவது சுந்தரின் மனைவி, "அதை மட்டும் எனக்குக் குடுத்திருங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சாமி அலமாரியில் ஒரு சிமிழுக்குள் வைத்துத் தினமும் விளக்கேற்றும்போது தொட்டுக் கும்பிடுவாள்.

"அந்தச் சிமிழ்லதான் அதை வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாதுக்கா. அவ சொல்லல, நானும் கேக்கல. விளக்குக்குத் திரி எடுக்கப் போனவன் திறந்து பார்த்தேன். எண்பத்தஞ்சாம் வருசத்து ஒரு ரூவா. அடியில எச் எழுத்து. என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, இது கூடுதல்னு சந்தோசமா எடுத்துப் போட்டுட்டேன். சந்தனம் ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். காசைக் கழுவக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க, அதனால அப்படியே அனுப்புனேன்."

அந்த ஆண்டு நம் காசுகளில் ஒரு பகுதியை வெளிநாட்டில் அடித்து வாங்கினார்கள். அப்படி வந்த ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே பொடியாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். சேகரிக்கிறவன் கண் முதலில் அங்கேதான் போகும். சந்தனத்தைப் பார்த்தும், எழுத்தை மட்டும் படித்த கண் அது. தன் கண்ணும் அப்படித்தான் என்று பிலோமினாவுக்குத் தோன்றியது.

"வீட்டுல என்ன சொல்லுதாவ?"

"ஒண்ணும் சொல்லலையே! திட்டுனாக்கூடத் தாங்கிக்கிடுவேன். சோறு வைக்கா, காப்பி குடுக்கா, 'சாவி எங்க'ன்னு கேட்டா 'அங்கன'ங்கா. அவ்வளவுதான். வெறும் சிமிழுக்கு முன்னால தினமும் விளக்கேத்துதா. நான் எங்கக்கா போய் நிக்க?"

மாமாவின் முதல் ஆண்டுத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் காசு கிடைத்தால் போதும் என்றார். போகும்போது, "காரணத்தை மட்டும் குழுவுல சொல்லிராதீங்க. துட்டிக் காசு, செத்த வீட்டுக் காசுன்னு தெரிஞ்சா வச்சிருக்கவங்க பயந்து எங்கயாவது தூக்கிப் போட்டுருவாங்க" என்று கெஞ்சினார்.

அதுவும் நியாயமாகவே பட்டது. அன்று சாயங்காலம் பிலோமினா பக்கத்தில் எழுதினாள். 'கூடையில் ஒரு நண்பர் தவறுதலாகப் போட்டுவிட்ட 1985 ஒரு ரூபாய், எச் எழுத்துள்ளது, யாருக்காவது வந்திருந்தால் தெரியப்படுத்துங்கள். பதிலுக்கு அதைவிட நல்ல காசு தருவார்.'

நல்ல மனதோடு எழுதிய அந்தக் கடைசி வரிதான் வினையாயிற்று. அதைவிட நல்ல காசு தருகிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட காசாக இருக்க வேண்டும்! முகம் தெரியாத ஒருவன், 'இந்த ஒரு ரூபாய் உங்கள் வீட்டில் இருக்கிறதா? நெல்லையில் ரகசியமாகத் தேடுகிறார்கள்!' என்று வீடியோ போட்டான். பின்னால் இடி இடிப்பதுபோல இசை வேறு. அடுத்த நாள் காலை, ஊசி குத்தக் கையை நீட்டிய ஒரு பெரியவர் பிலோமினாவிடம் குனிந்து கேட்டார். "எம்மா, எச் போட்ட ஒரு ரூவாயை லட்சக்கணக்குல நீங்கதான் எடுக்கீயளாமே?"

"கையை மடக்குங்க தாத்தா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"சொல்ல மாட்டீயன்னு தெரியும். எங்கிட்ட ஒண்ணு கிடக்கு. நம்ம ரெண்டு பேருக்குள்ள வச்சிக்கிடுவோம்."

எச் எழுத்துள்ள ஒரு ரூபாய்ப் படங்கள் தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து குவிந்தன. சந்தனம் ஒட்டிய காசு மட்டும் வரவில்லை. ஹென்றிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துறைமுகத்துல கிரேன் ஓட்டுத பெனிட்டோ சட்டைப்பையில ஒண்ணை வச்சிக்கிட்டுத் திரியுதான். உன் பொண்டாட்டிகிட்ட நல்ல விலை பேசி முடிங்கான்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ஏன் பிலோ, உண்மையைச் சொன்னா என்ன ஆயிரும்? பாதிப் பேர் ஓடிருவான். ஓடட்டுமே."

ஆனால் அது பிலோமினாவின் உண்மை அல்ல. அதைச் சொல்லலாமா என்று சொல்ல வேண்டியவள் சேரன்மகாதேவியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, பிலோமினா பஸ் ஏறினாள்.

சித்ரலேகா ஒல்லியாக, நிதானமாக இருந்தாள். வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கணவரை ஒருமுறை பார்த்தாள். அவர் தானாகவே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"என் மேலயும் தப்பு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு அனுப்புனவ நான்தான்" என்று பிலோமினா தொடங்கினாள்.

"உங்களை ஒண்ணும் சொல்லலக்கா. அவியளைக்கூடத் தெரிஞ்சு செஞ்சாவன்னு நான் நினைக்கல." சித்ரலேகா புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "அப்பா உடம்புல கடைசியாப் பட்ட பொருள் அது. மத்ததெல்லாம் அப்பாவோடயே போயிட்டு. அது எந்தக் கடையில, யார் கையில, எந்தச் சாக்கடையில கிடக்கோன்னு நினைச்சா, அப்பாவையே எங்கயோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. பேச வாய் வரமாட்டேங்குது. கோவம்னு அவிய நினைக்காவ."

பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, உண்மையைப் பக்கத்தில் எழுதலாமா என்று பயந்து பயந்து கேட்டாள்.

"எழுதுங்க. அப்பா செத்துப்போனதுல என்ன வெக்கம்?"

காசின் எந்தப் பக்கம் நெற்றியில் ஒட்டியிருந்தது என்று மட்டும் பிலோமினா கேட்டுத் தெரிந்துகொண்டாள். சிங்கத் தலைப் பக்கம். அதை எழுதவில்லை. காசு உண்மையாகவே வந்து சேர்ந்தவர் அதைத் தானாகவே சொல்லட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

அன்று அவள் எழுதியதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. 'அந்தக் காசுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. அது ஒரு மகள் தன் தகப்பனாரின் நெற்றியிலிருந்து எடுத்து வைத்திருந்த காசு. தவறுதலாகக் கூடைக்கு வந்துவிட்டது. முதலிலேயே சொல்லாதது என் பிழை. உங்களில் யாரிடமோ அது பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறேன்.'

 குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறத் தொடங்கினார்கள். ஓர் இளைஞன், 'அடுத்த கூடையில் பேயும் வருமா அட்மின் அக்கா?' என்று கேட்டுச் சிரிப்புப் படங்களை வரிசையாகப் போட்டான். உடனே அலி அஸ்கரின் குரல் வந்தது.

"ஏலே, உன் சட்டைப்பையில கிடக்க காசு எந்தெந்த வீட்டுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாலே? கையில வாங்குனதும் பூவா மணக்குதுன்னு நினைச்சியோ? பேசாம இரி. அட்மின் அக்கா, அது கிடைக்கலன்னா என்கிட்ட இருக்க எச் காசை அந்தத் தங்கச்சிக்குக் குடுத்துருங்க. இது அது ஆகாது, தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல."

அதன்பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை. தன் தாயின் கம்மலைத் தொலைத்த கதையை ஒருத்தி எழுதினாள். பேய் கேட்ட இளைஞனே தனியாக வந்து மன்னிப்புக் கேட்டான். ஆண்டவர் மனிதர்களை அப்படித்தான் படைத்திருக்கிறார் என்று பிலோமினா எப்போதும் நம்புகிறவள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். ஒரு நல்ல வார்த்தை முன்னால் போய் நின்றால் அதன் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் இசக்கியம்மா. பெட்டிக்கடை வைத்திருப்பவள். கல்லாவில் விழும் பழைய காசுகளைப் பக்கத்தில் காட்டிப் பெயர் கேட்பதற்காக, மகள் அவளைக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள்.

"ஏம்மா, சிங்கம் போட்ட பக்கத்துல சந்தனமும் குங்குமமும் காஞ்சு ஒட்டியிருந்துச்சா?"

பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். "ஆமாக்கா, ஆமா. உங்ககிட்டயா இருக்கு?"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இருக்கும்மா. ஆனா குடுக்கத்தான் முடியாது போலுக்கு. கவரைப் பிரிச்சதும் சந்தனத்தோட இருக்கே, எந்தக் கோயில் காசோ, அம்மனே அனுப்பியிருக்கான்னு நினைச்சேன். எம்மவளுக்கு மூணு வருசமா இடம் அமையல. மஞ்சத் துணியில அந்தக் காசை முடிஞ்சு, கல்யாணம் முடிஞ்சதும் உன் உண்டியல்ல போடுதேன்னு முப்பிடாதியம்மனுக்கு நேந்துக்கிட்டேன். அந்த வாரமே நாங்குநேரியில இருந்து வந்து பார்த்துட்டுப் போனாவ. நிச்சயமும் முடிஞ்சிட்டு. ஐப்பசியில கல்யாணம்."

"துட்டிக் காசுன்னு சங்கடமா இருக்காக்கா?"

"எந்த வீட்டுல துட்டி விழல? அது இல்லம்மா. நேந்து முடிஞ்சதை அவுத்தா அம்மனுக்கு என்ன பதில் சொல்ல? அவுக்காம இருந்தா தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல? ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

 தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லப் பிலோமினாவுக்கு வராது. "நீங்க அவுக்க வேண்டாம்க்கா. நாங்க வாரோம். அந்தப் பிள்ளை ஒருதடவை கண்ணால பார்த்துட்டாவது போவட்டும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு, திருநெல்வேலிச் சந்திப்பில் அவள் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினாள். சேரன்மகாதேவியில் சுந்தரும் சித்ரலேகாவும் ஏறினார்கள். நேர்ச்சை விஷயத்தைப் பிலோமினா முன்பே போனில் சொல்லியிருந்தாள். "சரிக்கா" என்று மட்டும்தான் சித்ரலேகா சொன்னாள். அந்தச் 'சரி'க்கு என்ன பொருள் என்று வழி முழுக்கப் பிலோமினாவுக்குக் கவலை. சுந்தர் எதிர் சன்னலோரம் உட்கார்ந்து, மனைவி பார்க்காத நேரத்தில் மனைவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். வயல்கள் நடவு முடிந்து பச்சையாக ஓடின. பிலோமினா பையில் கையை விட்டு ஜெபமாலை மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். யாருக்காக வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேருக்காகவும் வேண்டினாள்.

இசக்கியம்மா கடையைச் சாத்திவிட்டு, தலைக்குக் குளித்து ஈரம் காயாத கூந்தலோடு நின்றாள். உள்ளே தாம்பாளத்தில் வெற்றிலையின் மேல் மஞ்சள் முடிச்சு ஒன்று இருந்தது. பக்கத்தில் புது மஞ்சள் துணியும் இன்னொரு காசும் இருந்தன.

"அம்மன்கிட்ட அழுது சொல்லிட்டேன். புதுசா முடிஞ்சு போட்டுருதேன் தாயே, கோவிச்சுக்கிடாதன்னு. உன் அப்பாவை நீ எடுத்துக்க, யம்மா" என்று சொல்லிக்கொண்டே முடிச்சைக் கையில் எடுத்தாள்.  இறுக்கிப் போட்ட முடிச்சு அவிழவில்லை. உள்வாசல் நிலையைப் பிடித்தபடி அவள் மகள் கோமு நின்றாள். யாரையும் பார்க்காமல் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

சித்ரலேகா அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"குடுங்க சின்னம்மை, நான் அவுக்கேன்."

நகத்தால் பைய நெம்பி முடிச்சை அவிழ்த்தாள். காசு வெளியே வந்தது. சந்தனம் ஓரத்தில் உதிர்ந்திருந்தது. குங்குமம் மட்டும் சிங்கத்தின் பிடரியில் அப்பியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு. சுந்தர் எழுந்து வரப் பார்த்தார். பிலோமினா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோமு, இங்கன வா" என்று கூப்பிட்டாள். வந்த பெண்ணின் கையைப் பிடித்து அந்தக் காசை வைத்தாள்.

"எங்க அப்பாவை ஒருதடவை நினைச்சுக்கிட்டு நீயே முடிஞ்சிரு. அவிய பேரு சங்கரலிங்கம்."

இசக்கியம்மா பதறிவிட்டாள். "யாம்மா, என்ன காரியம் செய்யுத? அப்பம் உனக்கு?"

"எனக்கு அது எங்க இருக்குன்னு தெரியாமத்தான் இத்தனை நாள் சங்கடம். இப்பம் தெரிஞ்சிட்டுல்லா. ஒரு பிள்ளை கல்யாணத்துக்குக் காவல் இருக்கு. அப்புறம் அம்மன்கிட்டப் போவுது. சிமிழ்ல வச்சு நான் இதைவிட என்ன பெருசாப் பார்த்துக்கிடப் போறேன்?"

கோமு முடிச்சைப் போட்டாள். போட்டுவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் சித்ரலேகாவின் காலில் விழப்போனாள். "ஏட்டி, எந்திரி. நான் என்ன கிழவியா?" என்று சித்ரலேகா அவளைத் தூக்கி நிறுத்தினாள். அழுதுகொண்டிருந்த இசக்கியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். ரயிலைக் காரணம் சொல்லித்தான் தப்பிக்க முடிந்தது. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும், உண்டியலில் போடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று வாசல் வரைக்கும் வந்து சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கொடுக்கிறவர் யாரென்று தெரியாமல் வாங்கும் விளையாட்டு என்று தான் நினைத்ததை, யாரோ தெரிந்துதான் நடத்துகிறார்கள் என்று ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பிலோமினாவுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த யாரோவுக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள், இசக்கியம்மா வேறொரு பெயர் வைத்திருந்தாள். அதில் சண்டை ஒன்றும் இல்லை.

பிளாட்பாரத்தில் சிமென்ட் பெஞ்சில் பெண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். சுந்தர் வழக்கம்போல நாலடி தள்ளி நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் சித்ரலேகா.

அவர் தன்னைத்தானா என்பதுபோலத் திரும்பினார்.

"பசிக்கு. ஸ்டேஷன் வாசல்ல வடை போட்டுக்கிட்டிருந்தான்லா, சூடா வாங்கிட்டு வாங்க. அக்காவுக்கும் சேர்த்து. சட்னி தனியாக் கட்டச் சொல்லுங்க, போன தடவை மாதிரி பையெல்லாம் கொட்டிக்கிட்டு வராதீங்க. அப்புறம் அங்கன நின்னு அவன்கிட்ட எச் காசு இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, ரயில் போயிரும்."

சுந்தர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, வண்டிதான் கிளம்பிவிட்டதோ என்று எதிர் பெஞ்சில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பதறி எழுந்து நின்றார்கள்.